வஜ்ரம் போட்டு ஒட்டிய விமானம்

பெண் பார்க்கப் போகும் வீட்டில் மாப்பிள்ளை அதிகம் பேசக் கூடாது. காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். இருபத்தாறு வயதில் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் நான் ஸ்டோர் கீப்பர். அரிசி பருப்பு அளந்து கொடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் ஒரு விமானத்தின் மாதிரியைச் செய்துகொண்டிருந்தேன். விடுதியில் கழித்துப் போட்ட ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் அதன் வரைபடம் இருந்தது. போருக்கு முந்தைய விமானம். உலகத்தில் இரண்டோ மூன்றோதான் மிச்சம் என்று போட்டிருந்தார்கள். அடிப்பாகம் படகு. பக்கத்தில் மேலே மடங்கிக்கொள்ளும் சக்கரங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை, நடுவில் பின்பக்கம் பார்த்த விசிறி. தரையில் ஓடும், தண்ணீரில் மிதக்கும், வானத்தில் பறக்கும். (மூன்றையும் சுமாராகத்தான் செய்யும் என்றும் எழுதியிருந்தது. அந்தப் பத்தியை நான் தாண்டிப் போய்விட்டேன்.)

அசலில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. இறக்கை மட்டும் நாலு அடி. உடம்புக்குப் பேரிக்காய்ப் பெட்டியின் பலகை, இறக்கைக்கு மூங்கில் சிம்பு, அதன் மேல் பட்டம் விடுகிற காகிதம். விசிறியைச் சுற்றவைக்கச் சைக்கிள் டியூப் ரப்பர். அத்தனையையும் ஒட்டியது வஜ்ரம், தச்சர்கள் காய்ச்சி ஒட்டுவார்களே அந்தப் பசை. "புடிச்சா விடாது தம்பி" என்று கடைவீதி காதர் பாய் கட்டி கட்டியாகக் கொடுத்தார்.

இந்த நிலையில்தான் பழனிப் பக்கம் பாலசமுத்திரத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் பெயர் செல்வி. அவளுடைய தாய்மாமன் வேலுச்சாமிதான் அந்த வீட்டில் வாய்.

"ஆபீஸ் சோலி போக மிச்ச நேரத்துல மாப்பிள்ளை என்ன பண்றீங்க?"

"ஏரோப்ளேன் கட்டிக்கிட்டு இருக்கேங்க."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"ஏரோப்ளேனா?"

"ஆமாங்க. தண்ணியிலயும் மெதக்கும்."

மாதிரி என்ற ஒரு சொல்லைச் சேர்க்க வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கேசரி வந்தது. தின்று முடிப்பதற்குள் பேச்சு மழைக்கும் மக்காச்சோளத்துக்கும் போய்விட்டது. அதை இழுத்துப் பிடித்துத் திருத்தியிருக்கலாம். ஆனால் கதவோரம் நின்ற செல்வி என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்திருந்தாள். அந்தப் பார்வையைக் கெடுக்க மனம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அறை வாசலில் பாலசமுத்திரமே நின்றது. பழனியில் நின்று அண்ணாந்தால் எங்கள் மலை தெரியும். ஏறி வரவேண்டுமென்றால் அப்போதெல்லாம் வத்தலக்குண்டைச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றி, பாதிப் பேர் வழியெல்லாம் வாந்தி எடுத்து வந்திருந்தார்கள். வேலுச்சாமி மாமா கழுத்தில் மப்ளர். அவர் மனைவி, அத்தை கையில் புளியோதரைத் தூக்கு. கல்யாணத்துக்கு முன் பெண் வரக் கூடாதுதான். ஏரோப்ளேன் என்றதும் சம்பிரதாயத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தார்கள்.

"வெள்ளனே கெளம்பிட்டோம் மாப்ளே" என்றார் மாமா. "வெரசா ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருவோம். ஒங்க அத்தை பழனி மலையை மேல இருந்து கும்புடணுங்குறா."

நான் கதவைத் திறந்துவிட்டேன். மேசை மேல் விமானம் இருந்தது. மாமா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தார்.

"இது குட்டி. தாய் எங்க கெடக்கு?"

"இவ்வளவுதாங்க மாமா."

தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டு அத்தை உட்கார்ந்துவிட்டார். செல்வியின் அப்பா அதிகம் பேசாத மனிதர். "விசிறியைப் பின்னாடி மாட்டிட்டீங்களே" என்று மட்டும் சொன்னார்.

அத்துடன் மன்னிப்புக் கேட்டிருந்தால் புளியோதரையோடு முடிந்திருக்கும். நான் வீராப்பாக, "ஏரிக்கு வாங்க, மெதக்க விட்டுக் காட்டுறேன்" என்றேன். அடிப்பக்கம் அடித்த வார்னிஷ் இன்னும் விரலில் ஒட்டியது. அந்த மூட்டத்தில் துண்டே மூன்று நாளாகக் காயவில்லை, வார்னிஷ் எப்படிக் காயும்?

ஏரிக்கரையில் எங்கள் கூட்டத்தோடு சவாரி விடும் குதிரைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரப்பரை முறுக்கித் தண்ணீரில் விட்டேன். சும்மா சொல்லக் கூடாது, விமானம் அன்னம் போலப் போனது. "பரவால்லையே!" என்றார் மாமா. நான் செல்வியைத் திரும்பிப் பார்த்தேன்.

நான் திரும்பியிருந்த அந்த நேரத்தில் வஜ்ரம் கரைய ஆரம்பித்திருக்கிறது. பிடித்தால் விடாதுதான், தண்ணீர் பட்டால் மட்டும் விட்டுவிடும். முதலில் மேல் இறக்கை கீழ் இறக்கையின் மேல் படுத்தது. சக்கரம் ஒன்று தனியாகப் புறப்பட்டது. விசிறி கழன்று விழுந்து, மிச்சமிருந்த முறுக்கில் தானே சுற்றிக்கொண்டு வால் பக்கத்தைக் கிழித்தது. காகிதம் அப்பளம் நனைந்தது போல ஊறிப் பிரிந்தது.

ஆறு மாத உழைப்பு. யோசிக்காமல் இறங்கினேன். பெண் வீட்டாருக்காக அவசரமாக மாற்றிக்கொண்ட பட்டுக்கரை வேட்டி, புதுச் சட்டை. இரண்டாவது அடியில் சேறு என்னை இடுப்பு வரை வாங்கிக்கொண்டது. மூன்றாவது அடியில் கழுத்து. கைக்கு அகப்பட்டது ஒரு பலகை. பேரிக்காய்ப் பெட்டியில் இருந்த கடைக்காரர் முத்திரை அதில் அப்படியே இருந்தது. குதிரைக்காரர்கள் சேணத்துக் கயிற்றைப் போட்டு என்னை இழுத்தார்கள். பாதி வழியில் வேட்டி என்னோடு வர மறுத்தது. மாமா தன் மப்ளரை வீசினார். பெண் வீட்டார் முன்னிலையில் நான் கரையேறியது அந்த மப்ளரைக் கட்டிக்கொண்டுதான்.

ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. செல்வி. வாயைப் பொத்திக்கொள்ளக்கூட இல்லை.

மாமா அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இந்தச் சம்பந்தம் ஆவாது." ஆனால் கிளம்பும் முன் என் அறைக்குத் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார். அலமாரியைத் திறந்து மூடினார். "இதெல்லாம் முழு சைஸுதான்" என்று செல்வியின் அப்பாவிடம் கொஞ்சம் இறங்கி வந்த குரலில் சொன்னார். வாரக் கடைசியில் சம்மதம் என்று ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணம் ஆன பிறகு ஒருநாள், எதற்காகச் சம்மதித்தாய் என்று செல்வியிடம் கேட்டேன். என் துணிச்சல் பிடித்திருந்தது என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"வேண்டாம்னா மறுபடி ஒரு மாப்ள, மறுபடி ஒரு பஸ்ஸு, மறுபடி வாந்தி. யாரு படுறது?" என்றாள்.

அடுத்த வருடம் மகள் பிறந்தாள். முதல் தடவை தண்ணீர் ஊற்ற எல்லோரும் கூடி நின்றபோது வேலுச்சாமி மாமா குறுக்கே கையை நீட்டினார். "செத்த பொறுங்க. மாப்பிள்ளை செஞ்சது. ஒட்டு காஞ்சிருச்சான்னு பாத்துட்டு ஊத்துங்க."

மாமா போய்ப் பல வருடம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் இன்றுவரை எந்தக் குழந்தையும் அந்தச் சோதனை இல்லாமல் குளித்ததில்லை. போன மாதம் பேத்தியின் மகனுக்கு முதல் குளியல். செல்வி அவனுடைய கையையும் காலையும் மெதுவாக இழுத்துப் பார்த்துவிட்டு, "கெட்டியாத்தான் இருக்கு, ஊத்து" என்றாள்.