போனிங் பொண்டாட்டிக்கு ஒன்பது நாள் ஜெபம்

இந்தத் தடவை லுசிங்கை அசத்திவிடுவது என்று போனிங் முடிவு கட்டிவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாழைப்பழச் சுருள் பொரித்து, தட்டைத் தலையில் சுமந்து, தொண்டோ குடிசைப் பகுதிச் சந்துகளில் விற்கிறாள். அவன் குடித்துவிட்டு மைக்கைப் பிடித்துக் கரோக்கே பாடுகிறான். கழுத்து வலி என்று அவள் முனகினால் கொஞ்சம் மெதுவாகப் பாடுவான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மாதா கோயிலில் ஏழைகளுக்குத் தொழில் பயிற்சி. "உன் பிழைப்போட பக்கத்து வீட்டுப் பிழைப்பும் நடக்கணும். அதுதான் கடவுளுக்குப் பிடிச்ச வியாபாரம்" என்று சொல்லிக்கொடுத்தார் சிஸ்டர் பெலென். கடைசியில், ரொம்பக் கஷ்டப்படுகிற ஒருவருக்கு அடுப்பு வைத்த தள்ளுவண்டி கிடைக்கும். அதை லுசிங் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் போய்வந்தான்.

கடைசி நாள் எல்லோரும் தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். ஒருத்திக்குத் தீயில் வீடு போயிருந்தது. ஒருவனுக்குக் கால் போயிருந்தது. போனிங்குக்குப் போனது எதுவும் இல்லை. எழுந்து வாயைத் திறந்தான்.

"என் பொண்டாட்டி முந்தாநாள் செத்துட்டா சிஸ்டர்."

மண்டபமே அழுதது. அவனும் அழுதான். யாராவது செத்தால் கோயில் ஆட்கள் ஒன்பது நாள் வீடு தேடி வந்து ஜெபம் செய்வார்கள் என்பது அந்த அழுகையில் மறந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் சிஸ்டரும் சில பெண்களும் மெழுகுவத்தியோடு வந்து நின்றார்கள். கதவைத் திறந்தவள் லுசிங்.

"யாரு வேணும்?"

"போனிங் சம்சாரத்துக்கு ஜெபம் பண்ண வந்தோம்மா. பாவம், இப்படித் திடீர்னு..."

லுசிங் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். புருஷன் தரையைப் பார்த்தான்.

"வாங்க சிஸ்டர். நான் அவளோட தங்கச்சி."

ஜெபம் முடிந்ததும் சிஸ்டர், "அவளப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுப்பா" என்றார்.

போனிங் எழுந்தான். "எண்ணெய் தெறிச்ச கையோட எனக்குச் சோறு போடுவா. நீ சாப்ட்டியான்னு ஒருநாள்கூட நான் கேட்டதில்ல சிஸ்டர்..."

நடிக்க எழுந்தவன் நிஜமாகவே அழுதான். இருக்கிறவளைச் சாகடித்துவிட்டுத்தானா இதைச் சொல்ல வேண்டும்? அவனுக்கே வெட்கமாக இருந்தது. காப்பி ஊற்றிக்கொண்டிருந்த லுசிங் கோப்பை நிரம்பி வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பயிற்சிக்குக் குடுக்கற அடுப்பு வண்டி உனக்குத்தான்பா. பக்கத்து வீட்டுப் பிழைப்பும் நடக்கணும்" என்றார் சிஸ்டர்.

"மாமா எப்படி சிஸ்டர் வியாபாரம் பண்ணுவாரு? வருஷம் பூரா துக்கமாச்சே!" என்றாள் லுசிங். "கறுப்புச் சட்டைதான் போடணும். குடி கூடாது, கரோக்கே கூடாது. வண்டிய என் பேர்ல குடுங்க. இந்தச் சந்துல இன்னும் ரெண்டு பொண்ணுங்களைச் சேர்த்துக்கறேன். மாமா தள்ளட்டும்."

"உங்க அக்கா ஆத்மா குளிரும்மா" என்று சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு போனிங் மெல்ல அருகில் வந்தான்.

"லுசிங், நான் சொன்னதெல்லாம் நிஜம். மன்னிச்சுடு."

"தெரியும். இன்னும் எட்டு நாள் இருக்கு. தினம் சொல்லு."

அவள் குரல் இளகித்தான் இருந்தது. அந்த தைரியத்தில் கட்டிலில் உட்காரப் போனான். லுசிங் பாயைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள்.

"பொண்டாட்டி செத்தவனும் மச்சினியும் ஒரே வீட்ல படுத்தா ஊர் என்ன மாமா பேசும்? வாசல்ல போய்ப் படுங்க."