பருந்து பார்த்துக்கொண்ட மணி

ஒரு காட்டில், டவர் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே மேட்டில், செவலைக் கோழி ஒன்று குடியிருந்தது. அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது. மேலே பருந்து வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. கோழியின் கஷ்டம் என்னவென்றால், குனிந்தால்தான் தீனி பொறுக்க முடியும், நிமிர்ந்தால்தான் பருந்தைப் பார்க்க முடியும். ரெண்டையும் ஒரே கழுத்தை வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது?

அந்தக் காட்டில் எல்லாருக்கும் போன் வந்துவிட்டிருந்தது. பருந்து கிளம்பினால் மணி அடித்துச் சொல்லும் ஆப் ஒன்றை நரி விற்றுக்கொண்டிருந்தது.

"மாசம் ஒரு முட்டை கொடு தங்கச்சி, நிம்மதியா இரு," என்றது நரி.

"குஞ்சைக் காப்பாத்த முட்டையைக் கொடுக்கணுமா அண்ணே? அதுவும் என் பிள்ளைதானே?"

"நான் கறியை விட்டுட்டேன்மா. இப்போ சுத்த சைவம். முட்டை சைவத்துல சேர்ந்ததுதான்."

"இந்த ஆப்புக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கலாமா?"

"அது கம்பெனி ரகசியம். உன் முட்டைக்குள்ள என்ன இருக்குன்னு நான் என்னைக்காவது கேட்டேனா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று கோழி வந்துவிட்டது.

தூக்கணாங்குருவியும் அதே மாதிரி ஒரு மணி செய்து வைத்திருந்தது. அதற்கு எதுவும் கொடுக்க வேண்டாம்.

"இது எல்லாருக்கும் பொதுங்க. யார் வேணா திறந்து பார்க்கலாம், தப்பு இருந்தா திருத்தலாம்," என்றது குருவி.

"எனக்கு அதெல்லாம் படிக்கத் தெரியாதுங்களே."

"தெரிஞ்சவங்க பார்ப்பாங்க இல்ல?"

காட்டுக் குரூப்பில் இதே சண்டைதான். "பூட்டி வச்சதை எப்படி நம்புறது?" என்றது அணில். "சும்மா கொடுக்கிறதை எப்படி நம்புறது?" என்றது காட்டுப்பன்றி. பொது மணி வீட்டில் பூட்டு மணி வீட்டார் பெண் எடுப்பதில்லை என்கிற அளவுக்கு மான்கள் போய்விட்டன.

முட்டையைக் கொடுக்க மனசில்லாமல் கோழி பொது மணியையே போட்டுக்கொண்டது. இருந்தாலும் ஒரு பயம். முள்ளம்பன்றியிடம் போய், "உள்ளே எல்லாம் சரியா இருக்காண்ணே? பார்த்தீங்களா?" என்று கேட்டது.

"நான் பார்க்கலை. ஆமை பார்த்திருக்கும்."

ஆமை, முயல் பார்த்திருக்கும் என்றது. முயல், அவ்வளவு பேர் இருக்கும்போது நான் வேறு பார்க்கணுமா என்றது.

நிஜமாகவே திறந்து ஒரு வரி விடாமல் படித்தது ஒரே ஒருத்தர்தான். அது பருந்து. படித்ததோடு நிற்காமல் சின்னதாக ஒரு திருத்தமும் போட்டது. பருந்து வந்துவிட்டுப் போன பிறகு மணி அடிக்கிற மாதிரி.

மறுநாள் காலையில் பருந்து இறங்கியது. மணி அடிக்கவில்லை. கோழி குறுக்கே பாய்ந்ததால் குஞ்சு தப்பித்தது, கோழியின் வால்தான் பருந்தின் காலோடு போனது. அதெல்லாம் முடிந்த பிறகு போன் அழகாக மணி அடித்து, "பருந்து வருகிறது, கவனம்" என்றது.

கோழி அழுதுகொண்டே குருவியிடம் ஓடியது. குருவி வழக்கம்போல பழைய கூட்டைப் பாதியில் விட்டுவிட்டு வேறு கிளையில் புதுக் கூடு பின்னிக்கொண்டிருந்தது.

"நான் அதை விட்டு ரொம்ப நாளாச்சுங்க. கடைசியா யார் தொட்டாங்கன்னு அதுலயே காட்டும் பாருங்க."

பார்த்தால், பருந்து என்று பேர் இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்று நரி சிரித்தது.

ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. எதையும் கடைசியாகத் தொட்டவர்தான் அதற்குப் பொறுப்பு. குட்டை கலங்கினால்கூடக் கடைசியாகத் தண்ணீர் குடித்தவரைத்தான் தேடுவார்கள். அதனால் கோழி தயங்கித் தயங்கிக் குரூப்பில் எழுதியது.

"பருந்தண்ணே, மணியில நீங்கதானே கடைசியா கை வச்சது? எனக்கு லேட்டா அடிக்குதுங்க. கொஞ்சம் பார்த்துக் கொடுங்களேன்."

பருந்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து அதை யாரும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. எல்லாரும் "ஐயோ" என்றுதான் கூப்பிடுவார்கள். கூச்சத்தோடு திருத்திக் கொடுத்துவிட்டது. உடனே குரூப்பில் நன்றி நன்றி என்று ரோஜாப்பூ படமாக வந்து குவிந்தது.

அன்றோடு முடிந்தது பருந்தின் நிம்மதி.

"அண்ணே, எழுத்து சின்னதா இருக்கு," என்றது யானை. "மணிக்குப் பதிலா என் குரல் வரணும்," என்றது மயில். "எதையோ அமுக்கிட்டேன், எல்லாம் போச்சு," என்றது குரங்கு, தினமும். நரியோ அந்த மணியை அப்படியே எடுத்து, மேலே ஒரு பூட்டைப் போட்டு, பக்கத்துக் காட்டில் முட்டைக்கு விற்றது. அங்கிருந்து வந்த புகாரையெல்லாம் பருந்துக்கே தள்ளிவிட்டது.

பருந்து குனிந்த தலை நிமிரவில்லை. வேட்டைக்குப் போக நேரமேது? விலா எலும்பு தெரிந்தது. "மனசிருந்தா ஏதாச்சும் தாங்க," என்று ஒருநாள் கேட்டது. எல்லாரும் மனசார ஒரு கும்பிடு படம் அனுப்பினார்கள்.

அதற்குள் புதுப் புகார் வந்தது. "மணி அடிக்கவே மாட்டேங்குது. ரிப்பேரா?"

பருந்து பறந்தால்தானே அடிக்கும்! சோதித்துக் காட்டவாவது கிளம்பியாக வேண்டும். எழும்பியது. காடு முழுக்க மணி கணீரென்று அடித்தது. கோழி குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துப் போட்டது. அடங்காத குஞ்சு ஒன்று மட்டும் வெளியே நின்றது. மேலிருந்து பருந்து அதைப் பார்த்தது. பசி. இறக்கையை மடக்கி நேராக இறங்கியது.

போன் அதிர்ந்தது. "அண்ணே, எனக்கு மட்டும் சத்தம் கேக்கலையே," என்றது யானை.

"வால்யூமைக் கூட்டிப் பாருங்க," என்று பாதி இறக்கத்திலேயே பருந்து எழுதியது. எழுதி முடிப்பதற்குள் புளியமரத்தில் மோதி விழுந்தது.

கோழி கொஞ்சம் கரையானை இலையில் மடித்து எடுத்துக்கொண்டு, தள்ளி நின்றே கேட்டது.

"அடிபட்டுருச்சாண்ணே? மணி நல்லா அடிச்சுதுங்க. என் பிள்ளைங்க பிழைச்சதே உங்களாலதான்."

பருந்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரே ஒரு சின்ன விஷயம்," என்றது கோழி மெல்ல. "சத்தத்துல குஞ்சுங்க தூக்கம் கலைஞ்சுடுது. கொஞ்சம் மெதுவா அடிக்கிற மாதிரி..."

பருந்து கரையானைத் தின்றுகொண்டே போனைக் கையில் எடுத்தது.

நீதி: எதிரியோடு சண்டை போடாதீர்கள். அவர் சும்மா செய்து கொடுத்த ஒன்றை மனசாரப் பாராட்டி, கூடவே ஒரு குறையும் சொல்லி வையுங்கள். மிச்சத்தை ஊரார் பார்த்துக்கொள்வார்கள்.