மாலத்தீவுக்குப் போன மிளகுச் சாக்கு

அன்று விமான நிலையத்துக் கவுண்டர் முன்னால் நின்றவர்கள் இவர்கள்தான்: நான், என் மனைவி தமிழரசி, என் அப்பா, தமிழரசியின் அண்ணன் செல்லமுத்து மச்சான். பிக்கப் வண்டி ஓட்டி வந்த டிரைவர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்ததால் சாட்சிக் கணக்கில் வரமாட்டார். (எங்கள் மலைப்பகுதியான எடப்புளி நாடு முழுக்க இந்தக் கதையைப் பரப்பியவர் என்னவோ அவர்தான்.)

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தமிழரசி பி.எட். முடித்த கணக்கு டீச்சர். எங்கள் வீட்டில் படிப்பை அவள் பார்த்துக்கொள்வாள், கவலையை நான் பார்த்துக்கொள்வேன். அவளுக்கு மாலத்தீவில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்ததும் என் இலாகாவில் வேலை குவிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் போய்ச் சேர ஒரே விமானம். அந்த டிக்கெட்டுக்கே வீட்டிலிருந்த காசெல்லாம் போய்விட்டது.

“முப்பது கிலோ, அதுக்கு மேல ஒரு கிராம் ஆகாதுங்க” என்று சொல்லிவிட்டு, தமிழரசி எட்டுச் சேலையும் புத்தகங்களும் வைத்தாள். நான் தினை, சாமை, மிளகு, மரவள்ளிச் சிப்ஸ், இரும்புத் தோசைக்கல் வைத்தேன். தீவு என்றால் சுற்றிலும் தண்ணீர், நடுவில் மணல். சாப்பிட என்ன இருக்கும்?

எடை போட வேண்டுமே. எங்கள் பக்கம் பெரிய எலக்ட்ரானிக் தராசு இருப்பது மச்சானின் மிளகு மண்டியில்தான். எங்கள் தோட்டத்து மிளகு முழுவதும் அதில் ஏறித்தான் விலைக்குப் போகும். பெட்டியைத் தூக்கி வைத்தேன். இருபத்தாறு என்று சிவப்பு எழுத்தில் காட்டியது.

“இன்னும் நாலு கிலோவுக்கு எடம் இருக்குது மச்சான்!” என்றேன்.

மச்சானுக்கு முகம் வேர்த்தது. “எதுக்கு மாப்ள? இருக்கறதே போதும். இன்னும் ரெண்ட எடுத்துட்டாக்கூட நல்லதுங்க.”

“அதான் இருபத்தாறுனு காட்டுதே?”

“காட்டுது... காட்டட்டுமுங்க. கொறச்சலா இருந்தா தூக்கறதுக்குச் சுலுவா இருக்குமில்ல?”

தங்கச்சி பிரியும் துக்கத்தில் மனுசன் உளறுகிறார் என்று நினைத்து அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். வாழ்க்கையில் நான் கவலைப்படாமல் நம்பிய ஒரே பொருள் அந்தத் தராசுதான். எட்டுத் தேங்காயை உரித்துப் பெட்டிக்குள் திணித்தேன். (ஆமாம், மாலத்தீவுக்குத் தேங்காய். சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.) இருபத்தொன்பது புள்ளி எட்டு. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த கவலை ஜிப். மலையிறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் பெட்டி வாயைத் திறந்தால்? அந்த வளைவுகளில் மிளகு மூட்டை சிந்தி நான் பார்த்ததே இல்லை. ஆகவே பெட்டியை மிளகுச் சாக்குக்குள் இறக்கி, கோணி ஊசியால், இரட்டைச் சணலில், வரிசைக்கு வரிசை முடிச்சுப் போட்டுத் தைத்தேன். தமிழரசி வந்து பார்த்து, “நான் டீச்சர் வேலைக்குப் போறனா, சந்தைக்குப் போறனா?” என்று கேட்டாள். நான் அடுத்த முடிச்சைப் போட்டேன். வாயில் ஊசி இருந்தது.

விமான நிலையத்தில் பார்வையாளர் சீட்டு வாங்கி நாங்களும் உள்ளே போனோம். கவுண்டர் பெண் சாக்கைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பிறகு எடையைப் பார்த்தாள்.

“முப்பத்தி நாலு கிலோ சார். நாலு கிலோ எடுத்துடுங்க. இல்லைன்னா கிலோவுக்கு அறுநூறு ரூபாய் கட்டணும். சீக்கிரம், கவுண்டர் மூடப் போறோம்.”

எடுப்பதா? தைத்தது யார்? அந்தப் பெண் இரக்கப்பட்டு ஒரு குட்டிக் கத்தரிக்கோல் கொடுத்தாள். இரண்டாவது வெட்டில் அது இரண்டு கத்தியாகப் பிரிந்துபோனது. கவுண்டர் மூடினால் ஞாயிற்றுக்கிழமை போச்சு, வேலையும் போச்சு. வேறு வழியில்லாமல் மண்டியிட்டுச் சாக்கைக் கடித்தேன். நான் போட்ட முடிச்சு அவ்வளவு சிறப்பானது என்று அன்றுதான் தெரிந்தது. முன்பல்லில் ஒரு ஓரம் உடைந்தது. துப்பாக்கி வைத்திருந்த காவலர் ஒருவர் அருகில் வந்து, சாக்கையும் என் வாயையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

“உடுங்க, வேற பல்லு இல்ல” என்ற தமிழரசி, நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். “ஏண்ணா, உங்க தராசுல இருபத்தொம்பது எட்டுதான காட்டுச்சு?”

“இந்த மிசினுக்கு வயசாயிருச்சு கண்ணு.”

“போன வாரம் என் பெட்டி வீட்டுத் தராசுல இருபத்திரண்டு, இந்த மிசின்லயும் இருபத்திரண்டு” என்று வரிசையில் பின்னால் நின்றவர் கேட்காமலே சாட்சி சொன்னார்.

அப்பா முன்னால் வந்தார். “அந்தத் தராசு அம்பது கிலோனு காட்டுன மூட்டைல நமக்கு எவ்வளவு சாமி போயிருக்கும்?” என்று மருமகளைக் கேட்டார்.

“ஏழு கிலோங்க மாமா. வருசத்துக்கு நாலு மூட்டை, தராசு வந்து மூணு வருசம். எம்பத்தி நாலு கிலோ. இன்னிக்கு மிளகும் அறுநூறுதான். அம்பதாயிரத்து நானூறு.”

கால்குலேட்டர் இல்லை, காகிதம் இல்லை. மாலத்தீவுக் குழந்தைகள் கொடுத்துவைத்தவர்கள்.

மச்சானுக்கு ரோசம் வந்துவிட்டது. “அதெப்படி கண்ணு? மொத வருசம் வெலை நானூத்தம்பதுதான!”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே எட்டியது. வரிசையே எட்டிப் பார்த்தது. அப்பா கவுண்டரைக் காட்டி, “மொதல்ல இதைக் கட்டுப்பா” என்றார். மச்சான் மேல்சட்டைப் பையிலிருந்து இரண்டாயிரத்து நானூறை எடுத்து வைத்தார். எங்கள் சாக்கு பெல்ட்டில் ஏறி, ஆடி அசைந்து உள்ளே போனது.

தமிழரசியை வழியனுப்ப ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எனக்கு இருந்தன. வாயில் சணல் நார் சிக்கியிருந்தது. “பத்திரம்” என்றேன். அவள் காதில் “பத்தலம்” என்றுதான் விழுந்திருக்கும். சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து வீடியோ காலில் வகுப்பறையைக் காட்டினாள். பிறகு ஜன்னலைக் காட்டினாள். வெளியே தென்னை மரங்கள். கடல் தெரியாத அளவுக்குத் தென்னை மரங்கள்.

இப்போது எங்கள் ஊரில் யார் எதை எடை போட்டாலும், “நெசக் கிலோவா, மச்சான் கிலோவா?” என்று கேட்கிறார்கள். மச்சானும் சேர்ந்தே சிரிக்கிறார், புதுத் தராசு வாங்கிவிட்ட தைரியம். பாக்கிப் பேச்சு வந்தால் மட்டும், “காசா எதுக்குங்க மாமா, மிளகா நிறுத்துத் தந்தர்றேன்” என்பார். “எந்தத் தராசுல?” என்பார் அப்பா. பேச்சு அத்தோடு நின்றுவிடும். கவுண்டரில் கட்டியது போக, இன்றைய தேதிக்கு மச்சான் தர வேண்டியது நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்.