ஒரே விடை எழுதிய இருபத்து மூன்று பேர்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நான் சௌக்கியம், உன் அத்தானின் முழங்கால் மட்டும் இன்னும் சௌக்கியமாகவில்லை. அங்கு எல்லோரும் நலமென்றே நினைக்கிறேன். இல்லையென்றால் மறைக்காமல் எழுது.

உன் வீட்டுப் பக்கமாக எங்களுக்கு ஒரு வீடு பார். இந்தக் குடியிருப்பில் ஒருவரையும் நம்ப முடியவில்லை. மூன்று மாதமாக லிஃப்ட் ஓடவில்லை. அறுவை சிகிச்சை முடிந்த உன் அத்தான் நான்காம் மாடி ஜன்னலே கதியென்று கிடந்தார், எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. சங்கச் செயலாளரைக் கேட்டால், "சொல்லியிருக்கேன் டீச்சர், வந்துடுவாங்க" என்பார். முப்பத்தோரு வருஷம் பரீட்சை ஹாலில் நின்றவளுக்குத் திருட்டு முழி தெரியாதா? கூட்டத்துக்குக் கூட்டம் போய் நான் குடைந்த குடைச்சலில் மனுஷர் பதவியையே தூக்கிப் போட்டுவிட்டார். புதுச் செயலாளர் கையெழுத்துப் போட்டால்தான் லிஃப்ட் கம்பெனி வருமாம். சரியென்று தேர்தல் வைத்தோம். நானே நடத்தினேன், வேறு யாரை நம்புவது? அன்று பழைய செயலாளரும் மூன்றாம் மாடித் தையல்காரரும் உன் அத்தானை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். வாசலைக் கண்டதும் அவர் சிரித்தார் பாரு, நானும் கூடச் சிரித்துவிட்டேன். ஆனாலும் கடமை கடமைதானே? ஆளுக்கு ஆள் நாலடி தள்ளி உட்காரவைத்தேன். பேசக் கூடாது, திரும்பக் கூடாது. சீட்டைப் பிரித்தால் இருபத்து நான்கில் இருபத்து மூன்றில் "டீச்சர்" என்று எழுதியிருக்கிறது! இத்தனை பேர் ஒரே விடை எழுதினால் என் சர்வீஸில் அதற்குப் பெயர் காப்பி. தேர்தலை ரத்து செய்து, இடம் மாற்றி உட்காரவைத்து, மறுபடி எழுதவைத்தேன். மறுபடியும் அதே இருபத்து மூன்று. மிச்சம் ஒன்று என்னுடையது, யாரையும் நம்பாமல் வெற்றுத் தாளாகக் கொடுத்தது.

"என்னய்யா இது, எல்லாரும் பேசிவச்சுக்கிட்டீங்களா?" என்றேன்.

"இல்ல டீச்சர்" என்றார் பழைய செயலாளர். "நீங்க யாரையும் நம்ப மாட்டீங்க. அதான் உங்கள நம்புறோம். அந்த லிஃப்ட்காரன நாலு கேள்வி கேக்க எனக்கு வாய் இல்ல."

கையெழுத்துப் போட்டேன், லிஃப்ட்காரர் வந்தார். பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் நாள் லிஃப்ட் ஓடியது, உன் அத்தான் தினமும் கீழே போய் அரட்டையடிக்கிறார். இருந்தாலும் சந்தேகம் தீரவில்லையடா. இருபத்து மூன்று பேர் ஒருத்தியை இவ்வளவு நம்பினால் அதில் ஏதோ இருக்கிறது. ஆகவே சீக்கிரம் வீடு பார்.

உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் பார்த்து எழுதாமல் படித்து எழுத என் ஆசிகள்.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை இல்லை. பழைய செயலாளர் தபாலாபீஸ் பக்கம் போகிறாராம், அப்படியே அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பாதிக் கடிதம் அவரைப் பற்றித்தான். ஆனால் அவர் அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற ஆளில்லை. வீடு பார்க்க வேண்டாம்.