ஊசல் சுவாமியும் ஐந்து பேணிகளும்

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டு வாசலில் காலை ஆறு மணிக்கே செருப்புகள் குவிந்துவிடும். உள்ளே ஊசல் சுவாமி. நூலில் கட்டிய ஒரு கண்ணாடிக் குண்டை உணவுக்கு மேலே பிடிப்பார். குண்டு வட்டமிட்டால் அந்த உணவு உங்கள் உடம்புக்கு அமுதம். நேராக ஆடினால் நஞ்சு. இரத்தம் குத்திப் பார்க்கும் வேலையே இல்லை. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் அங்கத்தைய அப்பிளைக்கூடக் கொண்டுவந்து ஆட்டிப் பார்த்தார்கள். ஆனால், யார் வந்தாலும் குண்டு தவறாமல் வட்டமிட்டது ஒன்றுக்குத்தான்: சுவாமியே தகரப் பேணியில் அடைத்து விற்ற தேவப்பொடி. என்ன அதிசயமோ.

வெங்காய வியாபாரி நவரட்ணமும் ஒருநாள் அந்த வரிசையில் நின்றார். எட்டு வருடமாகச் சலரோகம் என்கிற நீரிழிவு. கிளினிக்கில் தந்த குளிசையைத் தவறாமல் போடுவார். அதன்மேல், ஓலை நீத்துப்பெட்டியில் அவித்த புட்டை மூன்று பெட்டியும் தவறாமல் போடுவார். மனைவி சுவர்ணா சொல்லிச் சொல்லிக் களைத்துப்போயிருந்தாள். "சாமி சீனியை ஒரேயடியா இறக்கிப்போடுவார்" என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னதும் மனிதர் புறப்பட்டுவிட்டார்.

குண்டு சோற்றுக்கு நேராக ஆடியது. மீனுக்கும் பருப்புக்கும் நேராக ஆடியது. கடைசியில் வெங்காயத்துக்கும்.

"வெங்காயம் உமக்குப் பரம எதிரி," என்றார் சுவாமி.

முப்பது வருடமாக அந்த எதிரியை விற்றே பிள்ளைகளைப் படிப்பித்தவர், பக்தியோடு தலையாட்டினார்.

பத்து நாள் பொடியும் தண்ணீரும். குளிசை மட்டும் வழக்கம்போல. பதினோராம் நாள் சந்தையில் விலை பேசிக்கொண்டிருந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, வெங்காய மூட்டையின் மேலேயே சாய்ந்துவிட்டார். சுவாமி சொன்னபடி சீனி இறங்கித்தான் இருந்தது. ஆளையே கொண்டுபோகும் அளவுக்கு இறங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் உயிர் தப்பியவரை வைத்தியர், ஷாமினி என்ற பதிவு பெற்ற உணவியலாளரிடம் அனுப்பினார். இவளும் ஒரு தடைப் பட்டியல் தரப்போகிறாள் என்று நவரட்ணம் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தார். அவளோ இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்கு எழும்புவார், சந்தையில் என்ன சாப்பிடுவார், குளிசை எப்போது போடுவார் என்று அரைமணி நேரம் கேட்டாள். சுவாமி அவருடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை.

"புட்டை விடத் தேவையில்லை, ஐயா. மூண்டை ஒண்டாக்குவம். குரக்கன் மா கலந்து அவியுங்கோ. சாப்பாட்டுக் கோப்பையிலை பாதி மரக்கறியும் கீரையும் இருக்கட்டும். மீனும் சாப்பிடுங்கோ. குளிசையைப் போட்டிட்டுப் பட்டினி கிடந்தால் திரும்பவும் விழுவியள்."

"அப்ப வெங்காயம்?"

"அது என்ன பாவம் செய்தது?"

பக்கத்தில் இருந்த சுவர்ணா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நவரட்ணம் விடவில்லை. "ஆனால், பிள்ளை, குண்டு ஆடினதை என்ரை கண்ணாலை கண்டனான்."

"ஆடியிருக்கும். நூலைப் பிடிச்சது அவரின்ரை கைதானே? சாப்பாட்டை மூடி வைச்சுக் கேட்டுப் பாருங்கோ. என்னையும் சும்மா நம்பவேண்டாம். மூண்டு மாதத்தாலை திரும்ப இரத்தத்தைச் சோதிச்சு, நான் சொன்னது சரியோ எண்டு பாப்பம்."

அடுத்த வெள்ளிக்கிழமை நவரட்ணம் ஒரே அளவான ஐந்து பேணிகளை இறுக மூடி, சுவாமியின் மேசையில் வரிசையாக வைத்தார். கூட்டம் எட்டிப் பார்த்தது.

"இதிலை எது எனக்கு ஆகும், சாமி?"

"மூடியைத் திறவும்."

"ஏன், குண்டுக்குக் கண் தெரியவேணுமோ?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுவாமிக்கு வேறு வழியில்லை. முதற்பேணிக்கு வட்டம். இரண்டாவதற்கு நேர். மூன்றாவதற்குக் குண்டு வெறிபிடித்ததுபோல நேராக ஆடியது. "கொடிய நஞ்சு. நாய்க்கும் வைக்காதையும்," என்றார். நான்காவதற்கு வட்டம். ஐந்தாவது மறுபடியும் நஞ்சு.

நவரட்ணம் ஆறுதலாக ஒவ்வொரு மூடியாகத் திறந்தார். ஐந்திலும் ஒரே பச்சைத் தூள், ஒரே மணம். சாட்சாத் தேவப்பொடி.

முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் இவ்வளவு நாளும் குடிச்சது முதலாவது பேணியோ, மூண்டாவது பேணியோ?"

"இண்டைக்குக் கிரகநிலை..." என்று தொடங்கினார் சுவாமி.

"ஐஞ்சு பேணிக்கும் ஐஞ்சு கிரகமோ?" என்றாள், கூடவே வந்திருந்த சுவர்ணா.

வீடு அதிரச் சிரிப்பு எழுந்தது. திங்கட்கிழமை வாசலில் ஒரு பூட்டுத் தொங்கியது. சுவாமி யாத்திரை போய்விட்டாராம்.

மூன்று மாதம் கழிந்தது. நவரட்ணத்தின் இரத்தத்தில் சீனி ஷாமினி எதிர்பார்த்த இடத்துக்கு வந்திருந்தது. ஒரு நீத்துப்பெட்டிப் புட்டு, வெங்காயம் நிறையப் போட்ட மீன்குழம்பு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுச் சந்தைக்குப் போகிறார். சுவாமியின் பழைய பக்தர்களில் சிலர் ஷாமினியின் அறை எங்கே என்று அவரிடம் விசாரிக்கிறார்கள். வேறு சிலரோ, கொக்குவிலில் நாக்கைப் பார்த்தே சாப்பாடு சொல்லும் ஒரு மாதாஜி வந்திருக்கிறாராமே என்று கேட்கிறார்கள்.

கத்தரிக்காயில் புழு இருக்கிறதா என்று நான்கு தரம் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். பொடியை விற்கிற கதையையும் ஒருதரம் திருப்பிப் பார்த்தால் குறைந்தா போய்விடுவோம்?