பின்லாந்து மாஸ்டர் என் காரில் ஏறிய நாள்

ஆக்லாந்தில் யாருடைய காரிலும் ஏறாமல் மூன்று வருடம் பிழைத்துக் கிடந்த ஒரே தமிழர் எங்கள் பின்லாந்து மாஸ்டர்தான். பஸ் கிடைத்தால் பஸ், இல்லையென்றால் நடராஜா சர்வீஸ். மனுகாவில் ஒரு பிறந்தநாள் விருந்துக்கு அவர் நடந்தே வந்து சேர்ந்தபோது, கேக் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவர். பென்ரோஸ் கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்கினார். ஏன் காரில் ஏற மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டுத் தொலைத்தால், 1930இல் பின்லாந்தில் நடந்த பாராளுமன்றத் தேர்தலை ஆரம்பித்துவிடுவார். அப்போது அங்கே தீவிர வலதுசாரிகள் தங்களுக்குப் பிடிக்காத ஆட்களைக் காரில் அள்ளிப்போட்டு ரஷ்ய எல்லைக்குக் கொண்டுபோனார்களாம். எங்கள் டீ நேரம் முடிந்துவிடும், கார் எல்லைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. இதைக் கேட்டுக் கேட்டு, எங்கள் சமோவா சூப்பர்வைசர் அவரைப் பின்லாந்துக்காரர் என்றே முடிவுகட்டினார். குளிரெல்லாம் அந்த மனிதருக்குப் பழக்கம் என்று மாஸ்டரின் மூலையிலிருந்த ஹீட்டரை என் பக்கம் நகர்த்தினார். நானும் கமுக்கமாக இருந்துகொண்டேன்.

தொண்ணூற்றாறில் இங்கே முதல்தடவையாக விகிதாசார முறையில் தேர்தல் வந்தது. அந்தச் சனிக்கிழமை பார்த்து கிடங்குக்குக் கண்டெய்னர் வரத் தாமதம், வேலை நீண்டுபோனது. வாக்குச்சாவடி ஏழு மணிக்கு மூடிவிடும். ஆறே முக்காலுக்கு நான் வெளியே வந்தால், கொட்டுகிற மழையில் மாஸ்டர் ஓட்டமும் நடையுமாகப் போகிறார். சாவடி இருந்த பள்ளிக்கூடமோ அரை மணி நடை. காரை ஓரங்கட்டி, "ஏறுங்க மாஸ்டர், எல்லைக்கெல்லாம் கொண்டுபோக மாட்டேன்" என்றேன்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஏறினார். கதவுப் பிடியில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"ஊரில என்ர அண்ணனை எலெக்‌ஷனுக்கு முதல் நாள் காரில ஏத்திக்கொண்டு போனவங்கள், ஐசே. அதுக்குப் பிறகு நான் வோட்டுப் போடேல்லை. இண்டைக்குப் போடோணும்."

ஏதாவது பேச வேண்டுமே என்று, "அப்புறம் ஏன் மாஸ்டர் எப்பப் பார்த்தாலும் பின்லாந்து?" என்றேன்.

"அங்க கொண்டுபோன ஆக்களில கொஞ்சப் பேராவது திரும்பி வந்தவை."

ஏழடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது உள்ளே ஓடினார். வெளியே வந்து, போட்டுவிட்டேன் என்று சொன்னார். வீட்டில் விடட்டுமா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. காரைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே நனைந்துகொண்டு நடந்தேன். வழியில் அண்ணன் பெயரைக் கேட்டேன். சொன்னார். மூன்று வருடமாக அவரைக் கேலி செய்த பாவி நான். பஸ் வந்து நின்றது. "அடுத்ததுல போகலாம் மாஸ்டர், அண்ணனைப் பத்தி இன்னும் சொல்லுங்க" என்று அவர் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன்.