ஸ்ரனிஸ்லஸ் இலையான் கட்டிய படலம்

கடல்நீர் தேங்கும் களப்பின் உப்புக் காற்றே, சற்று நின்று கேள். கரைவலைக் குலத்தில் பிறந்தும் கரைவலைக் கயிற்றைத் தொடாதவனும், கூட்டுறவுக் கடையில் சீனி நிறுத்து நிறுத்து வலக்கையே தராசாகிப்போனவனும், முள்ளியவளைச் சந்தியில் மோட்டார்சைக்கிளோடு விழுந்து முழங்கால் தோலை மட்டும் இழந்து எழுந்தவனுமாகிய ஸ்ரனிஸ்லஸின் புகழைச் சொல்லத் தொடங்குகிறோம். அவன் மீனை ஏமாற்ற, தூண்டில் முள்ளில் இறகால் ஒரு பொய் இலையானை, ஓர் ஈயை, கட்டினான். மன்னர்கள் அணை கட்டினார்கள், கோட்டை கட்டினார்கள். இலையான் கட்டியவர் எவருமில்லை.

நாயாற்றுக் களப்போரத்து அந்த ஊரில் ஒருவனை அவன் போடும் முடிச்சால் அறிவார்கள். ஸ்ரனிஸ்லஸின் முடிச்சையும் அறிந்திருந்தார்கள். அவன் கட்டிய வள்ளம் தானே அவிழ்ந்து களப்பின் மறுகரை பார்த்து வந்தது. அவன் கட்டிய ஆடு சுவாமியாரின் பயிற்றங்கொடியை வேரோடு முடித்தது. ஆகவே ஊர் அவனைக் கடைக்கு அனுப்பியது. சீனிக்கு முடிச்சுத் தேவையில்லை.

அப்படியிருக்க, நோர்வேயிலிருந்து சித்தப்பாவின் மகன் ஒரு பார்சல் அனுப்பினான். அதில் நாணல்போல் வளையும் தூண்டில் தடி, எறும்பின் கொடுக்கை ஒத்த முட்கள், முள்ளைக் கவ்விப் பிடிக்கும் சின்ன இடுக்கி, தலைமயிரிலும் மெல்லிய நூல் ஆகியவை இருந்தன. இறகு இல்லை. அதற்கு விளக்கம் தொலைபேசியில் வந்தது. "இறகு அங்கை கிடைக்கும்தானே அண்ணை. சேவலின்ரை கழுத்து இறகுதான் திறம்."

வீரன் இவற்றை மைத்துனன் யோசெப்பின் முற்றத்துக்குக் கொண்டுபோனான். யோசெப், ஸ்ரனிஸ்லஸின் மனைவி றஞ்சனியின் அண்ணன். கண்ணை மூடிக்கொண்டு கிழிந்த வலையைப் பொத்தக்கூடியவன்.

"உதென்ன மச்சான்?"

"இதிலை இலையான் கட்டுறது. மீன் உயிருள்ளதெண்டு நினைச்சு வந்து கொத்தும்."

"நீ கட்டின முடிச்சிலை வள்ளமே நிக்கேல்லை. மீன் நிக்குமோ?"

பக்கத்தில் இருந்த றஞ்சனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பு ஸ்ரனிஸ்லஸின் நெஞ்சில் ஈட்டியாய் இறங்கி, அங்கே ஏற்கெனவே நின்ற ஈட்டிகளோடு உரசியது. அவன் எழுந்தான். எட்டுத் திசைக்கும் கேட்க அறிவித்தான்.

"வாற ஞாயிறு அந்தோனியார் திருநாள். அதுக்கு முதல்நாள் காலமை, இந்தக் களப்பிலை, நான் கட்டின இலையானிலை மீன் ஏறும்."

"ஏறாட்டி?"

"நீயே சொல்லு."

யோசெப் வலையைக் கீழே வைத்தான். "திருநாள் சமையலுக்குத் தேங்காய் திருவு. பெண்டுகளோடை இருந்து, ஊர் பாக்க."

போர் அவ்வாறு குறிக்கப்பட்டது.

இனி இறகின் வரலாறு. ஸ்ரனிஸ்லஸின் வளவில் ஒரு சேவல் இருந்தது. செம்பொன் பிடரி, கருநீல வால், படைத்தலைவனின் நடை. சந்தியில் விழுந்த கணவன் உயிரோடு எழுந்ததற்காக அந்தோனியாருக்கென்று றஞ்சனி நேர்ந்துவிட்ட சேவல் அது. நேர்த்திச் சேவலைக் கடைசிக் கிழமை வெளியே விடுவதில்லை. கரப்பு என்னும் பின்னற்கூடையைக் கவிழ்த்து, அதன் கீழே வைத்துத் தீன் போடுவார்கள். திருநாளன்று கோவில் வாசலில் மூப்பர் அதைக் கையில் வாங்கி, செட்டை தூக்கி, இறகு நீவிப் பார்ப்பார். குறையிருந்தால் ஏற்கமாட்டார். குறையோடு வந்த வீட்டார் அந்த நேர்த்தியைத் திருநாள் சமையலில் உழைத்துத் தீர்க்க வேண்டும்.

இதெல்லாம் ஸ்ரனிஸ்லஸுக்குத் தெரியும். ஓர் இறகு என்பது குறையாகாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"இந்தக் கிழமை சேவலுக்கு நான் தீன் போடுறன்," என்றான்.

"என்னப்பா, அதிசயமாக் கிடக்கு," என்றாள் றஞ்சனி. மகிழ்ந்தும் போனாள்.

கரப்பை ஒரு பக்கம் தூக்கி வீரன் கைநீட்டியதும், குகைக்குள் புகுந்தவன்மேல் பாயும் புலியென அச்சேவல் எழுந்து, அலகு வாளாகவும் நகம் வேலாகவும் செட்டை இரண்டும் புயலாகவும் மாற, புழுதி வானை மறைக்க, அரிசிக்குறுணல் கணைமாரியெனச் சிதற, கூட்டுறவுக் கடையின் தராசுக் கரத்தில் மூன்று இடத்தில் குருதி பூக்க, ஈற்றில் ஒற்றைச் செம்பொன் இறகு வெற்றிக்கொடியாய் அவன் விரலிடையில் நின்றது. சேவல் அவனைப் பார்த்தது. இருவரும் ஒருவரையொருவர் மறக்கப்போவதில்லை.

பின்னர் குசினி மேசையில் பெரும்போர் தொடங்கியது. இடுக்கியில் முள்ளைப் பூட்டினான். நூலைச் சுற்றினான். கடற்கரையில் பிறந்தவன் அல்லவா, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வலைமுடிச்சுப் போட்டான். அவன் குலத்தார் முடிச்சை எச்சிலில் நனைத்து, பல்லால் கடித்து இழுத்து இறுக்குவார்கள். அவனும் நனைத்தான், கடித்தான், இழுத்தான். நைலோன் கயிற்றுக்குப் பழகிய அந்தப் பரம்பரைப் பற்களின் முன் நோர்வே நூல் என்ன செய்யும்? அறுந்தது. முள் தெறித்தது. இறகு சோற்றுப்பானைக்குள் போனது.

ஓர் இறகு போனால் இன்னொன்று வேண்டும். வீரன் மறுபடி தீன் போடப் போனான்.

இரண்டாவது இலையான் முடிச்சுகளின் குவியலாய்ப் பருத்து, புளியங்கொட்டைக்கு மீசை முளைத்ததுபோல் இருந்தது. அடுத்தது மேசையிலிருந்து எடுக்கும்போதே மூன்றாய்ப் பிரிந்தது. அதற்கடுத்தது அவன் பெருவிரலோடு சேர்த்துக் கட்டப்பட்டு, கத்தரிக்கோலால் மீட்கப்பட்டது. ஒவ்வொரு தோல்விக்கும் கரப்பு உயர்ந்தது. ஒவ்வொரு உயர்வுக்கும் செம்பொன் பிடரி மெலிந்தது. வெள்ளிக்கிழமையளவில் அந்தப் படைத்தலைவனின் கழுத்தில் இளஞ்சிவப்புத் தோல் விடியலைப்போல் பரவத் தொடங்கியிருந்தது. ஸ்ரனிஸ்லஸ் கரப்பின்மேல் ஒரு சாக்கைப் போட்டான். "பனி பட்டால் கூடாது," என்றான். றஞ்சனிக்குக் கண் கலங்கியது.

வெள்ளி பின்னேரம் கைசோர்ந்த வீரன், முடிச்சே போடாமல் நூலை வெறுமனே சுற்றினான். சலிப்பில்தான் சுற்றினான். கடையில் சீனி போட்ட கடதாசிச் சரையை நூலால் சுற்றுவதுபோல, இறுக்காமல், விடாமல், ஒரே சீராய். நூல் அறவில்லை. சுற்றின்மேல் சுற்று ஏறி, தன்னையே தான் பிடித்துக்கொண்டது. நடுவே வைத்த இறகு சூரியக் கதிர்போல் வட்டமாய் விரிந்தது. ஆயுள் முழுவதும் முடிச்சுக்காக இகழப்பட்டவன், முடிச்சில்லாமல் நிற்கும் ஒரே கட்டைக் கண்டடைந்தான். நுனி அவிழாமலிருக்க றஞ்சனி நகத்துக்குப் பூசவென்று அலுமாரியில் வைத்திருந்த சிவப்புக் கியூட்டெக்ஸில் ஒரு சொட்டு வைத்தான். இலையானுக்குத் தலை வந்தது.

சனிக்கிழமை காலை களப்போரம் சனம் கூடியது. வீரன் தடியை ஓங்கினான். முதல் வீச்சு பின்னால் நின்ற கண்டல் மரத்தைப் பிடித்தது. "மரம் ஏறியிட்டுது மச்சான், மீன் எப்ப?" என்றான் யோசெப். இரண்டாவது வீச்சு வீரனின் சட்டையையே பிடித்தது. மூன்றாவதைக் காற்று எடுத்துச் சென்று, பஞ்சை வைப்பதுபோல் நீரின்மேல் வைத்தது. செம்பொன் இலையான் மிதந்தது. களப்பு மூச்சை அடக்கியது. பிறகு நீர் பிளந்தது. தடி வில்லாய் வளைந்தது. கடலரசன் அனுப்பிய வெள்ளிக்கவசத் தூதனென ஒரு கொடுவா வானில் துள்ளி, சுழன்று, மணலில் விழுந்தது. ஒரு சாண் இருக்கும்.

யோசெப் குனிந்து மீனின் வாயிலிருந்து இலையானைக் கழற்றினான். இழுத்துப் பார்த்தான். நகத்தால் கிண்டிப் பார்த்தான். அது அவிழவில்லை.

"மச்சான்," என்றான், "இனி உன்னை நாங்கள் ஒண்டும் சொல்லேலாது."

இதைக் கேட்பதற்காகவே ஸ்ரனிஸ்லஸ் பிறந்திருந்தான். அவன் தலை கண்டல் மரங்களுக்கு மேலே உயர்ந்தது. யோசெப் இலையானை வெயிலில் தூக்கி எல்லோருக்கும் காட்டினான்.

"என்ன வடிவான இறகு. இஞ்சை பார் றஞ்சனி, உன்ரை மனுசன் கட்டினது."

றஞ்சனி பெருமையோடு வாங்கிப் பார்த்தாள்.

"இது என்ரை கியூட்டெக்ஸ்," என்றாள்.

பிறகு இறகைப் பார்த்தாள். இலையானைக் கணவனின் உள்ளங்கையில் வைத்துவிட்டு வீட்டை நோக்கி நடந்தாள். வெற்றிமுரசு ஒலிக்கவேண்டிய அக்கணத்தில், கூட்டத்தின் நடுவே நின்ற வீரனின் செவிக்கு, வளவுப் பக்கமாய் ஒரு சாக்கு இழுபடுவதும் ஒரு கரப்பு தூக்கப்படுவதும் கேட்டன.

மறுநாள் கோவில் வாசலில் மூப்பர் சேவலைக் கையில் வாங்கினார். கழுத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, சேவலுக்கு என்ன வருத்தம், ஏதும் நோயோ?"

"வருத்தம் சேவலுக்கில்லை மூப்பர்," என்றாள் றஞ்சனி.

மூப்பர் ஏற்காமல் திருப்பிக் கொடுத்த அந்தச் சேவல் தன் செந்நிற வெறுங்கழுத்தை நிமிர்த்தி, அரசு இழந்தும் முடி தாழ்த்தாத வேந்தனைப்போல் கோவில் முற்றத்தைச் சுற்றிப் பார்த்து, ஈற்றில் சமையல் கொட்டிலின் வாசலில் தன் பார்வையை நிறுத்திற்று.

ஸ்ரனிஸ்லஸ் அங்கே இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தான்.